ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் தொடரும் பேச்சு

கேள்வி: எனக்கு 25 வயது. வீடு புதுவண்ணாரப்பேட்டையில். அம்மா காசிமேட்டில் ஏலத்தில் கூடை எடுத்து மீன் வியாபாரம் செய்கிறார். நான் மூன்று வருடமாக அம்பத்தூரில் ஒரு கால் சென்டரில் இருக்கிறேன். கிரெடிட் கார்டு பிரச்சினைக்காகக் கூப்பிடுகிறவர்களுக்குத் தமிழில் பதில் சொல்லும் வேலை. ஒரு நாளைக்கு எழுபது, எண்பது கால் வரும்.

போன மாதம் அம்மா எடுத்த சங்கரா கூடையில் மேலே நல்ல மீன், அடியில் எல்லாம் நைந்த மீன். திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். 1,800 ரூபாய் நஷ்டம். வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னார். நான் "உங்க நிலைமை எனக்கு நல்லாப் புரியுதும்மா. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருத்தப்படுறேன். என்ன பண்ணலாம்னு பார்க்கலாம்" என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தார். "இன்னாடி, நான் இன்னா உன் கஸ்டமரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் என் பேச்சை நானே கவனித்தேன். தம்பியிடம் "என்ன இஷ்யூ?" என்கிறேன். சாப்பாடு போட வரும் அம்மாவிடம் "ஒரு நிமிஷம் லைன்ல இரும்மா" என்கிறேன். எனக்கு நிச்சயம் செய்திருக்கும் மாமா பையனிடம் "எஸ்கலேட் பண்ணிடுவேன்" என்கிறேன். இது ஏதாவது மனவியாதியா? இனி வீட்டில் ஆங்கிலம் கலக்காமல் பேசுவது என்று சபதம் எடுத்திருக்கிறேன். அது சரிவருமா? இல்லை, வேலையையே விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

வியாதி இல்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். கூடவே அந்தச் சபதத்தையும் விட்டுவிடலாம். உங்கள் வீட்டில் நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மாவிடம் சொன்ன மூன்று வாக்கியத்தையும் இன்னொரு தடவை படியுங்கள். ஆங்கிலச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. தம்பியிடம் சொன்ன 'இஷ்யூ'வுக்காகவோ, மாமா பையனிடம் சொன்ன 'எஸ்கலேட்'டுக்காகவோ யாரும் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அம்மாவைச் சுட்டது முழுக்க முழுக்கத் தமிழில் வந்த பேச்சு.

அதில் ஒன்றைக் கவனித்தீர்களா? "உங்க நிலைமை" என்று சொல்லியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் பெற்ற தாயை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவோம். அதில் மரியாதைக் குறைவு கிடையாது, உரிமை அதிகம். "லைன்ல இரும்மா" என்று நீங்கள் சொன்னதில்கூட 'இரு' என்றுதான் இருக்கிறது. அது ஆபீஸ் வாக்கியமாக இருந்தாலும் அம்மாவிடம் பேசியது. மீன் கூடை நஷ்டத்தைச் சொன்னபோது மட்டும் 'உங்க', 'உங்களுக்கு' என்று வந்திருக்கிறது. அந்த நிமிடம் நீங்கள் பேசியது அம்மாவிடம் இல்லை. எது மாறியது என்று அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் காது பிடித்துவிட்டது. அதனால்தான் 'கஸ்டமர்' என்ற சொல் அவ்வளவு சரியாக வாயில் வந்தது.

இது எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று சொல்கிறேன். பேசும்போது நாம் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கோப்பதில்லை. அடிக்கடி சொன்னதும் சற்று முன் சொன்னதும் முந்திக்கொண்டு வரும். கேத்ரின் பாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஆட்களை ஒரு வாக்கியத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல்லவைத்தார். உடனே அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு படத்தைக் காட்டி, அதில் என்ன நடக்கிறது என்று விவரிக்கச் சொன்னார். சற்று முன் சொன்ன வாக்கியம் எந்த அமைப்பில் இருந்ததோ, அதே அமைப்பில் படத்தையும் விவரிக்கும் போக்கு அவர்களிடம் தெரிந்தது. விஷயம் வேறு, சொற்களும் வேறு, வாக்கியத்தின் அச்சு மட்டும் அதே அச்சு. ஒரு தடவை சொன்னதற்கே இப்படி. நீங்கள் நாளைக்கு எண்பது பேரிடம், மூன்று வருடமாக, மனக்கஷ்டத்தோடு பேசுகிறவர்களுக்கு என்றே ஒரு அச்சை வைத்திருக்கிறீர்கள். அம்மா மனக்கஷ்டத்தோடு வந்தார். அச்சு தானாக விழுந்தது. உங்கள் பாசத்தில் குறை இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் கிடையாது.

வேலையிடத்துப் பேச்சு வீட்டுக்குள் வருவது வட சென்னைக்குப் புதிதும் இல்லை. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது. 1955-ல் பெரம்பூர் பக்கம் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. இந்தப் பேட்டைகளில் வேலையில் ஓரங்கட்டப்பட்டவரை 'லூப் லைன்ல போட்டுட்டாங்க' என்பார்கள். வேகமான வண்டிக்கு வழிவிட இன்னொரு வண்டியை ஒதுக்கி நிறுத்தும் தண்டவாளம் அது. ரயில்வே வாசலையே மிதிக்காத ஒரு பாட்டி, மருமகள் வந்ததும் சமையல்கட்டில் தன்னை லூப்பில் போட்டுவிட்டதாக என்னிடம் சொன்னார். அவர் மனதில் இருந்தது அந்த ஒரே சொல்லில் எனக்கு விளங்கியது. நான் ஐ.சி.எஃப். குடியிருப்பில் வளர்ந்தவள். பொங்கலுக்கு முன் வீட்டைக் காலிசெய்து கழுவுவதை அப்பா 'ஓவர்ஹால்' என்பார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதற்கு அதுதான் பெயர். பின்னி மில் 1996-லேயே மூடிவிட்டது. பட்டாளத்தில் பெரியவர்கள் சிலர் விடிகாலையை இன்னமும் 'ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நேரம்' என்கிறார்கள்.

பழைய இலக்கணமே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வழங்கும் சொல்லை நன்னூல் 'குழூஉக்குறி' என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகாரர்கள் காட்டும் உதாரணம். உங்கள் அம்மாவின் பேச்சையும் ஒரு வாரம் கவனியுங்கள். 'போணி'யைக் கூடையை விட்டு எங்கெங்கே கொண்டுபோகிறார் என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் அல்லவா? மூன்று நாளாகப் பேசாமல் இருந்த கணவரை, "வாய்க்குத் தடைக்காலமா?" என்று கேட்ட காசிமேட்டு அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். அவர் சிரித்துவிட்டாராம். சண்டை அதோடு முடிந்தது.

அம்மாக்களின் சொல் சண்டையை முடிக்கிறது, உங்கள் வாக்கியம் சண்டையைத் தொடங்குகிறது. ஏன் என்று யோசித்தீர்களா? 'லூப் லைன்', 'போணி', 'தடைக்காலம்' எல்லாம் அந்த வேலையில் கிடந்து உழன்றவர்கள், தங்களைப் போன்றவர்களோடு பேசிப் பேசிப் பழகிய சொற்கள். சொல்கிறவருடைய வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. உங்கள் மூன்று வாக்கியமோ, பேசுகிறவரையும் கேட்கிறவரையும் பார்க்காத யாரோ எழுதிக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'நிலைமை புரிகிறது' என்பது கத்துகிறவரைத் தணிக்க. 'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்பது, சிரமம் யாரால் ஏற்பட்டது என்று சொல்லாமலே வருத்தம் தெரிவிக்க. 'தப்பு எங்கள் மேல்தான்' என்று ஒரு வார்த்தை விட்டால் நாளைக்கு அதையே பிடித்துக்கொள்வார்கள் இல்லையா? 'பார்க்கலாம்' என்பது எதையும் உறுதி சொல்லாமல் பேச்சை முடிக்க. அந்த இடத்துக்கு அது தேவை. முன்பின் தெரியாதவர்கள் நாள் முழுக்கத் திட்டும்போது, அந்த வாக்கியம்தான் நிறுவனத்தையும் காப்பாற்றுகிறது, உங்களையும் காப்பாற்றுகிறது. ஆனால் அது பேச்சை முடிப்பதற்காகவே செய்யப்பட்டது. அம்மா பேச்சை ஆரம்பிக்க வந்திருந்தார்.

அவர் இருபது முப்பது வருடம் சந்தையில் நின்றவராக இருக்க வேண்டும். தன்னைச் சமாதானம் செய்து அனுப்பப் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும். அன்று காலை, அடிக்கூடை மீனைக் காட்டி நியாயம் கேட்டபோது அங்கேயும் யாராவது "பார்க்கலாம்மா" என்றுதான் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் மகளும் அதையே சொல்கிறாள்.

ஆர்லி ஹாக்சைல்டு என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1983-ல் இந்த மாதிரி வேலைக்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் அவர் ஆராய்ந்தார். முன்னவர்களுக்குச் சிரிப்பு சம்பளத்தில் சேர்த்தி, பின்னவர்களுக்குக் கடுமை சேர்த்தி. மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் தேய்வதுபோல, இவர்களுக்கு உணர்ச்சியே வேலைக் கருவியாகித் தேய்கிறது என்பது அவர் சொன்னதின் சாரம். நீண்ட பயணம் முடிந்து இறங்கிய பிறகும் அந்த வேலைக் கலகலப்பை நிறுத்த முடியவில்லை என்று சொன்ன பணிப்பெண்கள் அதில் உண்டு. உங்களுக்கு நேர்ந்ததும் அதே வகைதான். ஆகவே இதை நாக்கின் பழக்கமாக மட்டும் பார்க்காதீர்கள். ஒன்பது மணி நேரம் மற்றவர் கோபத்தை வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் அது இறங்கிவிடாது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த இரண்டு குடும்பத்தை, அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். ஒருவர் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். யார்டுக்குள் வண்டி நுழைந்தால் 'கேட் இன்'. வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதும் "கேட் இன் ஆயாச்சு" என்பார். அவர் மனைவி அதைப் பிடித்துக்கொண்டார். இப்போது பத்து மணிக்கு மேல் ஆனால் போன் செய்து, "எப்ப கேட் இன்?" என்கிறார். அவர்கள் வந்தது பண விஷயமாக. இந்தப் பேச்சால் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. இன்னொருவர் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேலைச் சொல் ஒன்றுகூட வீட்டில் பேச மாட்டார். ஆனால் மனைவி எதைச் சொல்ல வந்தாலும், "காரணம் சொல்லாதே, முடிஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லு" என்பார். பையன் மார்க் ஷீட்டை நீட்டினாலும் அதேதான். அந்த அம்மா என் முன்னால் உட்கார்ந்து, "பத்து வருஷமா ஒரு விஷயத்தைக்கூட முழுசாச் சொல்லி முடிச்சதில்ல மேடம்" என்று அழுதார். வேலைச் சொல் எது வீட்டுக்கு வரலாம், எது வரக்கூடாது என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த இரண்டு வீடும்தான் நினைவுக்கு வரும்.

எனவே 'இஷ்யூ', 'பெண்டிங்', 'டி.எல்.' (டீம் லீடர்) எதையும் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். தம்பி கிண்டல் செய்தால் செய்யட்டும். 'எஸ்கலேட்' மட்டும் கொஞ்சம் பாருங்கள். மேலே ஒருவரிடம் போட்டுக்கொடுப்பேன் என்ற மிரட்டல் அதில் இருக்கிறது. மாமா பையனிடம் "உங்க அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்று நேராகச் சொன்னால் அதில் விளையாட்டு தெரியும், அவரும் திருப்பி ஏதாவது சொல்வார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு மூன்று பழக்கம்.

ஒன்று, பக்கம் சாயாமல் பேசுவது. அழைக்கிறவர் பக்கமும் சேரக்கூடாது, நிறுவனத்தையும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள். வீட்டில் அம்மாவுக்கு அநியாயம் நடந்தால் அம்மா பக்கம் சேர வேண்டும். "எவன்மா அவன்? நீ கூடையைக் கொட்டிக் காட்டினியா?" இதில் அனுதாப வார்த்தை எதுவுமே இல்லை. ஆனால் இப்படிக் கேட்டிருந்தால் அவர் அரை மணி நேரம் கொட்டித் தீர்த்திருப்பார்.

இரண்டாவது, மௌனத்தைக் கண்டு பதறுவது. என்னிடம் வரும் கால் சென்டர் பிள்ளைகள் எல்லாரும் 'டெட் ஏர்' பற்றிச் சொல்கிறார்கள். சில நொடி பேச்சில்லாமல் போனால் ஆடிட்டில் மதிப்பெண் போய்விடும். அதனால் எதிரில் இருப்பவர் மூச்சு வாங்க நிறுத்தினாலும் இவர்கள் எதையாவது சொல்லி நிரப்பிவிடுகிறார்கள். அம்மா ஒரு விஷயத்தைச் சொல்லி நிறுத்தினால், அடுத்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று அர்த்தம். அந்த இடத்தில் நீங்கள் பேசினால் அது வராமலே போய்விடும். பேசாமல் இருப்பது சும்மா உட்கார்ந்திருந்தால் கஷ்டம், கையில் வேலை இருந்தால் சுலபம். வீட்டில் நெத்திலி ஆயும் நாளில் பக்கத்தில் போய் உட்காருங்கள். தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வரும், அடுத்ததை எடுக்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியது இல்லை. ஒரு கிலோ ஆய்ந்து முடிப்பதற்குள் அம்மாக்கள் சொல்லும் விஷயம், எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் வராது. நீங்கள் 'ம்' கொட்டினால் போதும்.

மூன்றாவது, முடிக்கிற அவசரம். ஒவ்வொரு காலுக்கும் சராசரி நேரக் கணக்கு உண்டு. விஷயம் என்ன, தீர்வு என்ன, வேறு ஏதாவது உதவி வேண்டுமா, நன்றி. வீட்டில் பாதி விஷயங்களுக்குத் தீர்வே கிடையாது. அப்பாவின் குடியோ, அத்தையின் வாயோ, முட்டி வலியோ தீர்ந்துவிடும் என்று அம்மா உங்களிடம் சொல்லவில்லை. நேற்று சொன்னதையே இன்றும் சொல்வார். நேற்றே பேசி முடித்தாயிற்றே என்ற எண்ணம் உங்களுக்குள் எழுந்தால், அது ஆபீஸ் எண்ணம் என்று அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அடையாளம் தெரிந்தாலே பாதி பிடி தளர்ந்துவிடும்.

ஷிஃப்ட் முடிந்து வீடு சேர்ந்த முதல் கால் மணி நேரம் எந்தப் பிரச்சினையையும் கையில் எடுக்காதீர்கள். முகம் கழுவுங்கள், சாப்பிடுங்கள், தெருவில் யாரிடமாவது வெட்டிப் பேச்சுப் பேசிவிட்டு வாருங்கள். ஸ்கிரிப்ட் இல்லாத பேச்சு நாலு வாக்கியம் வாயில் வந்தால் நாக்கு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் அம்மா அவசரமாக எதையாவது தொடங்கினால், "பசிக்குதும்மா, சாப்ட்டுக்கினே கேக்குறேன்" என்று சொல்லுங்கள். 'லைனில்' நிறுத்திவைப்பதைவிட அது நல்லது.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீளமாகக் கேட்க வேண்டாம். ஆரம்பித்தால் மறுபடியும் 'சிரமத்துக்கு வருந்துகிறேன்' போலத்தான் வரும். "அன்னைக்கு ஆபீஸ்ல பேசுற மாதிரியே பேசிட்டேம்மா. அந்தக் கூடை விஷயம் இன்னா ஆச்சு, சொல்லு" என்றால் போதும். உங்கள் கடிதம் முழுக்க உங்கள் பேச்சைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த 1,800 ரூபாயில் கொஞ்சமாவது திரும்பி வந்ததா, அடுத்த நாள் முதலுக்கு அம்மா என்ன செய்தார் என்று ஒரு வரி இல்லை. அவரிடம் போய்க் கேட்க வேண்டியது அதுதான்.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வேலையை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அவருடைய ஏலம், கூடை, ஐஸ் எல்லாம் உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். உங்கள் வேலையில் 'ஹெட்செட் மாட்டுவாள்' என்பதற்கு மேல் அவருக்கு என்ன தெரியும்? ஒரு நல்ல காலில் ஒரு வார்த்தை விட்டுப்போனதற்காக 'ஃபேட்டல்' போட்டு மொத்த மதிப்பெண்ணையும் பூஜ்யமாக்குவார்கள் என்று சொல்லுங்கள். யார் எப்படித் திட்டினார்கள், நீங்கள் எப்படி வாயை மூடிக்கொண்டு 'சார், சார்' என்றீர்கள் என்று நடித்துக் காட்டுங்கள். கோபப்படுவார், உங்கள் பக்கம் சேர்ந்து அந்த ஆளைத் திட்டுவார். அந்தத் திட்டு உங்களுக்கும் தேவையாக இருக்கிறது. அதற்குப் பிறகு 'ஃபேட்டல்' அவர் வாயிலேயே வந்தாலும் வரும். வந்தால் அது அந்த டிரெய்லர்க்காரர் வீட்டு 'கேட் இன்' மாதிரி ஆகிவிடும், கவலையில்லை.

வேலையை விடுவது பற்றி. பேச்சில் ஆபீஸ் வாடை வருகிறது என்பதற்காக மட்டும் விடாதீர்கள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் நேரத்தில் கையில் சம்பளம் இருப்பது உங்களுக்குப் பலம். ஆனால் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெருங்கியவர்கள் அழுதாலும் மனதில் ஒன்றும் தோன்றாமல் மரத்துப்போவது, ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடப்பது, தூக்கத்தில் ரிங் சத்தம் கேட்டு எழுவது, இவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது பேச்சுப் பழக்கத்தைத் தாண்டிய விஷயம். டி.எல்.லிடம் கேட்டு, குரல் வேலை குறைந்த சாட் பிரிவுக்கோ மின்னஞ்சல் பிரிவுக்கோ கொஞ்ச நாள் மாற முடியுமா என்று பாருங்கள். பல நிறுவனங்களில் அந்தப் பிரிவுகள் உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் பேச வேண்டும் என்று தோன்றினால் ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான்.